கோணல் எங்கே?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தப் பழமொழிக்கு நானே உரையாக நிற்க நேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தேசிய மாணவர் படையின் சென்ற ஆண்டு முகாமில், துப்பாக்கி சுடும் அணிக்கு ஆள் எடுத்தார்கள். 25 மீட்டர் தூரம், படுத்த நிலை, ஆளுக்கு ஐந்து தோட்டாக்கள். நடு வட்டத்தில் விழுந்தவற்றுக்கு மட்டுமே மதிப்பெண். மூத்த மாணவன் என்பதால் மதிப்பெண் குறிக்கும் வேலை என்னுடையது.

நாங்கள் சுட்டது .22 துப்பாக்கி. இதன் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்பிலே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் காலிக்கூடு வெளியே விழும். முன்னே தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே பூட்டிக்கொள்ளும். பார்க்கச் சிறியதுதான், ஆனால் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டிக்கும் இதே.22 தோட்டாதான். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்!

எனக்கு முன் முதலாண்டுத் தம்பி ஒருவன் சுட்டான். வட்டத்துக்குள் ஒன்றுகூட விழவில்லை. ‘பூஜ்யம்’ என்று எழுதினேன். அவன் வாய் திறக்காமல் எழுந்து போனான். அதே துப்பாக்கியை நான் வாங்கிச் சுட்டேன், இரண்டு. எல்லார் முன்னிலையிலும், “இந்தத் துப்பாக்கியே கோணல்!” என்று உரக்கச் சொன்னேன். எனக்கு வேறு துப்பாக்கி கிடைத்தது. நான்கு குண்டுகள் வட்டத்தில் விழுந்தன. அணியின் கடைசி இடம் எனக்கு.

மறுநாள் காலை ஹவில்தார் என்னை அழைத்தார். “துப்பாக்கி கோணல் என்று சொன்னவனே அதைச் சோதித்துப் பார்க்கட்டும்” என்றார்.

மணல்மூட்டையின் மேல் துப்பாக்கியை அமர்த்தினோம். கை நடுக்கம் கணக்கில் சேராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எண்ணெய் துடைத்த குழாயில் முதலில் போகும் குண்டுகள் விலகக்கூடும் என்பதால் இரண்டை மண்மேட்டில் சுட்டுக் கழித்தோம். பிறகு ஒரே பெட்டித் தோட்டாக்களால், ஒரே இடத்தைக் குறி வைத்து, தாளுக்கு ஐந்தாக மூன்று தாள்கள் சுட்டேன். ஒவ்வொரு தாளிலும் மிகத் தள்ளியிருந்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையே அளவுகோல் வைத்துப் பார்த்தோம். 1.6, 1.9, 1.7 சென்டிமீட்டர். முதல் தாளின் ஐந்து துளைகளையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்! ஆனால் மூன்று தாள்களிலும் அந்தக் கூட்டம் குறிக்கு ஐந்து சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளியே இருந்தது.

“துளைகள் சிதறினால் சுடுகிறவனைப் பார். ஓரிடத்தில் கூடி, கூட்டமே விலகி நின்றால் துப்பாக்கியைப் பார்” என்றார் ஹவில்தார்.

எனக்குச் சுருக்கென்றது. முந்தின நாள் தாள்களைக் கேட்டு வாங்கினேன். என் தாளில் துளைகள் விதை தூவியது போல் எட்டுத் திசையும் சிதறிக் கிடந்தன. சத்தத்துக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுத்திருக்கிறேன். அந்த நடுக்கத்திலே இரண்டு குண்டுகள் வழிதவறி வட்டத்துக்குள் விழுந்திருக்கின்றன! தம்பியின் தாளிலோ ஐந்தும் நெருங்கிக் கூடி, வட்டத்துக்கு வெளியே, சரியாக இடப்புறம் நின்றன. அணியிலேயே நன்றாகச் சுட்டவனுக்கு என் கையாலேயே பூஜ்யம் போட்டிருந்தேன். துளைகளை எண்ணினேனே தவிர, அவை நிற்கும் விதத்தைப் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்திருந்தால் என் இடம் என்னிடமே இருந்திருக்கும். பட்டியல் மாலையில்தான் போக வேண்டும். ஒரு நாழிகை நேரம் மனம் அலைந்தது. பிறகு இரண்டு தாள்களையும் ஹவில்தார் முன் வைத்தேன்.

ஆயுதம் பழுது பார்ப்பவர் வந்து குழாய் முனையிலிருந்த முன்குறியை இடப்புறமாகத் தட்டி நகர்த்தினார். குண்டு விலகும் பக்கமே முன்குறியை நகர்த்த வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். நகர்ந்தது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தம்பியும் நானும் அதே துப்பாக்கியால் மறுபடி சுட்டோம். அவனுக்கு ஐந்து. எனக்கு மூன்று. பட்டியலில் பெயர் மாறியது.

அன்றிரவு சாப்பாட்டு வரிசையில் அவனைக் கேட்டேன்: “ஏன் தம்பி, துப்பாக்கி சரியில்லை என்று நீ சொல்லவில்லை?”

“நான் புதுசு அண்ணே. தப்பு என் கையிலதான் இருக்கும்னு நெனச்சேன்” என்றான்.

தோழர்களே! கூடம் கோணலாக இருந்தது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்தவன் ஆடத் தெரியாத நான். சொல்லாமல் தோற்றவன் ஆடத் தெரிந்த அவன். உரக்கச் சொல்பவன் குரல் எங்கும் கேட்டுவிடுகிறது. வாய் திறவாதவனின் தாளை எடுத்துப் பார்க்க யாராவது ஒருவர் வேண்டியிருக்கிறது. மதிப்பெண் எழுதும் பேனா என் கையில் வரும்போதெல்லாம் அந்த ஐந்து துளைகள் என் கண்முன் வந்து நிற்கின்றன.