கொக்கி முறிந்த வின்செஸ்டர்

ஆனி 14

மேக்கரைப் பக்கமிருந்து சாரல் இறங்கத் தொடங்கிவிட்டால் பண்பொழியில் எந்த இரும்பும் தன்னைத் தானே காத்துக்கொள்ளாது என்று என் தந்தையார் சொல்வதுண்டு. ஆகையால் ஆனி பிறந்ததும் ரைபிளைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் செலுத்தித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகப் பூசி வைக்கும் கிரமத்தை அவர் காலத்திலிருந்து நான் விட்டதில்லை. இன்று அந்தக் காரியத்தின் முடிவில், வழக்கம்போல் மருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றை இட்டு லீவரை இயக்கினேன். தோட்டா ஒழுங்காக அறைக்குள் சென்றது. லீவரைக் கீழே இறக்கியபோது போல்ட் மட்டும் பின்வாங்கி வந்தது, தோட்டா வரவில்லை.

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். போல்ட்டின் மேல்முகத்தில் நீளமாகப் படுத்திருக்கும் எக்ஸ்ட்ராக்டரின் மூக்கு, அதாவது தோட்டாவின் அடிவிளிம்பைப் பற்றி இழுக்கும் அந்தச் சிறு கொக்கி, முறிந்து போயிருந்தது. முறிந்த முகத்தில் பாதி புது எஃகின் வெளிறிய சாம்பல் நிறம். மறு பாதி பழந்துருவின் கறுப்பு. விரிசல் என்றோ விழுந்து, இத்தனை வருஷமாக உள்ளுக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. அறைக்குள் போன தோட்டாவை வெளியே எடுக்க முடியாத துப்பாக்கி, உபயோகமற்றது என்பதோடு நில்லாமல், வீட்டில் வைத்திருப்பவனுக்கே அபாயமுமாகும். ஆகவே இதை இப்படியே பெட்டிக்குள் திரும்ப வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனி 17

இந்த ரைபிள் புதிதாக எங்களிடம் வந்ததன்று. ஆரியங்காவு மலைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டை நிர்வகித்து, சுதந்திரத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து என் தந்தையார் விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் எங்கள் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பக்கம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, லைசென்ஸும் திருநெல்வேலிக் கலெக்டருக்கு மாறிற்று. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதும் மறுபடி இங்கே வந்தது. ஒரே துப்பாக்கி, தான் இருந்த ஊரை விட்டு நகராமலே, இத்தனை அரசாங்கங்களின் முத்திரைகளைத் தன் காகிதங்களில் ஏந்தியிருக்கிறது.

வின்செஸ்டர் கம்பெனியின் 1892ஆம் வருஷத்து மாடல், தோட்டா .44-40 என்பது. இதே தோட்டா 1873ஆம் வருஷத்து மாடலோடு பிறந்தது; முதல் எண் குழலின் அளவையும், இரண்டாவது எண் அதில் இட்ட கரிமருந்தின் எடையையும் குறிக்கும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துக் கோடி என்னும் ஊரிலுள்ள துப்பாக்கிக் காட்சிசாலையில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. இந்த மாடலில் 3,79,999 வரையிலான எண்களுக்கு அங்கே எழுதிக் கேட்டால் பதில் கிடைக்கும். எங்களுடையது 3 லட்சத்தைச் சற்றே தாண்டிய எண். சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிக் கேட்டதில், 1906இல் ஆலையை விட்டு வெளியேறியதாகப் பதில் வந்தது. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் ஓடத் தொடங்கி அப்போது இரண்டு வருஷமே ஆகியிருந்தது.

ஆனி 23

மழையால் தோப்புக்குப் போகவில்லை. போல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீவர் மேலேறும்போது, போல்ட்டின் இருபுறத்திலும் இரண்டு எஃகுத் தூண்கள் நிமிர்ந்தெழுந்து அதைப் பூட்டுகின்றன. மேலேயிருந்து நோக்கினால் அவற்றின் தலைகள் மெருகேறிப் பளிச்சிடுகின்றன. இத்தனை பெரிய வெடியின் எதிர்விசையை இந்த இரண்டு தூண்கள் தாங்குகின்றன என்பதும், அவற்றை எழுப்பவும் இறக்கவும் சிறுவன் கை பலமே போதுமென்பதும், வெகு நேரம் யோசிக்கத்தக்க விஷயங்கள். 1886ஆம் வருஷத்துப் பெரிய மாடலின் அமைப்பைச் சுருக்கி ஜான் பிரௌனிங் இதைச் செய்தார். ஊட்டா மாநிலத்து ஆக்டன் ஊரில் துப்பாக்கி செப்பனிடும் தகப்பனாரின் பட்டறையில் வளர்ந்தவர் அவர். கல்லூரியில் படித்த எஞ்சினீயரல்லர். கம்பெனிக்கு விரைவில் ஒரு மாடல் தேவைப்பட்டபோது, ஒரு மாதத்துக்குள் முடித்துத் தராவிட்டால் ஒரு காசும் வேண்டாமென்று சொல்லி முடித்துக் கொடுத்ததாக ஒரு கதை வழங்குகிறது. இந்த மாடல் பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது.

அவருடைய கைவேலைக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது செங்கோட்டை வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். பிரௌனிங் 1926இல் மரணமடைந்ததும் அதே பெல்ஜிய நாட்டுத் தொழிற்சாலையில்தான். ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் தோளில் சுமந்த .405 வின்செஸ்டரும், 1895ஆம் வருஷத்து மாடல், பிரௌனிங் சிந்தையில் உதித்ததே.

ஆனி 31

உதிரிப் பாகம் ஒன்று வேண்டுமென்றால் கடையில் கேட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணுபவர் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைப் படிக்க வேண்டும். அச்சட்டத்தில் ஆயுதம் என்ற விளக்கத்துக்குள் ஆயுதத்தின் பாகங்களும் அடங்குகின்றன. செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமின்றி, செப்பனிடுவதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேறொரு லைசென்ஸ் வேண்டும். ஆயுதம் கண்ட கைகளில் புழங்கக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம்; அந்த நோக்கத்தை நான் முழு மனதோடு ஏற்கிறவன். தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் முதல் ஆளாகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவதும், லைசென்ஸ் புத்தகத்தில் தனி எண் ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பதும் எனக்குப் பாரமாகத் தோன்றியதே இல்லை.

தென்காசியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், “இவ்வளவுதானே, கொண்டு வாங்க, ரெண்டு மணி நேரத்துல கடைஞ்சு தந்துருதேன்” என்றார். அவர் சாமர்த்தியசாலி, நல்ல மனிதர். ஆனாலும் லைசென்ஸ் இல்லாத கை தொட்டால் அவருக்கும் குற்றம், எனக்கும் குற்றம். சொல்லிப் புரியவைத்துத் திரும்பினேன்.

ஆடி 7

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. கடைக்காரர் என் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இம்மாதிரி ரைபிள் கவுண்டருக்கு வந்தே வெகு காலமாயிற்று என்றார். நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று செய்யும் ரைபிளில் முதன்மையானது .315; ராணுவத்தின் .303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாதென்று வெள்ளைக்காரர் காலத்தில் விலக்கப்பட்டதன் பலனாக வேர்விட்ட அளவு அது. அதற்கும் 12 போர் இரட்டைக் குழலுக்கும் பாகங்கள் கிடைக்கும். வின்செஸ்டருக்கு எங்கே போவது? அமெரிக்காவில் நும்ரிச் போன்ற பழம்பாகக் கடைகளில் இன்றும் இந்த மாடலின் எக்ஸ்ட்ராக்டர் இருக்கும்; ஆனால் அந்தச் சிறு எஃகுத் துண்டைத் தருவிக்க இங்கே இறக்குமதி லைசென்ஸ், அங்கே அனுப்பும் அனுமதி என்று காகிதங்கள் துப்பாக்கியைவிடக் கனமாகிவிடும்.

பிரேசிலில் ராஸி கம்பெனியாரும் ஜப்பானில் மிரோகு கம்பெனியாரும் இதே மாடலை இக்காலத்தில் செய்கிறார்கள். அந்தப் பாகம் பொருந்துமா என்று கேட்டேன். பார்வைக்கு ஒன்றாயிருந்தாலும் அளவுகளில் நுண்ணிய பேதம் உண்டு, பழைய துப்பாக்கிகளோ அரத்தால் தேய்த்து ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டவை, ஆகையால் அதே கம்பெனியின் அதே மாடல் பாகமானாலும் அரம் பிடிக்கத் தெரிந்தவன் கையில் பட்டே உட்காரும் என்று அவர் விளக்கினார். அதைக் கேட்டபோது, நான் தேட வேண்டியது பாகத்தையன்று, மனிதனை என்பது தெளிவாயிற்று.

ஆடி 12

திருநெல்வேலிப் பக்கத்தில், செப்பனிடும் லைசென்ஸ் இன்னும் புதுப்பித்து வைத்திருக்கும் ஒரு முதியவரைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பாட்டனார் நாளிலிருந்து ஜமீன் துப்பாக்கிகளைப் பார்த்து வந்த குடும்பம். ரைபிளை வாங்கி முதலில் அறை காலியா என்று விரல் விட்டுப் பார்த்தார். பிறகு லைசென்ஸை வாங்கி எண்ணை ஒப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றினார். அதன் பிறகுதான் பழுதைப் பற்றிக் கேட்டார். இந்த வரிசையிலேயே அவருடைய யோக்கியதை முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது.

“அண்ணாச்சி, இது விலைக்குக் கிடைக்காது. செஞ்சுதான் போடணும். அவசரப்படுத்தாம விட்டுட்டுப் போங்க” என்றார்.

“பழைய கொக்கிய என்ன செய்வீங்க?” என்றேன்.

“அதுதான அளவு. அத வச்சுத்தானே புதுசு. முடிஞ்சதும் உங்க கையிலயே தந்துருவேன்.”

மகன்கள் ஒருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை. லைசென்ஸ், சோதனை, பதிவேடு, இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்கும் வருமானம் இதில் இல்லையென்று மூத்தவர் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

ஆவணி 5

வேலை முடிந்தது. அவர் பட்டறை வாசலில் வெளிச்சத்தில் உட்காரவைத்துக் காட்டினார். புதிய கொக்கி பழையதைவிடச் சற்றுத் தடித்த முதுகோடு, சூட்டில் பதம் ஏற்றிய நீலச்சாயல் படிந்து இருந்தது. மூக்கின் உட்புறத்தை மட்டும் கண்ணாடிபோல் தேய்த்திருந்தார். டம்மித் தோட்டாவை இட்டு லீவரை மெதுவாக இறக்கச் சொன்னார். தோட்டா விளிம்போடு பற்றப்பட்டு வெளியே வந்து நின்றது. வேகமாக இறக்கச் சொன்னார். அது நேர் மேலே எகிறித் திண்ணையில் விழுந்தது. பழைய கொக்கியைத் தாளில் மடித்துக் கொடுத்து, பதிவேட்டில் என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். கேட்ட கூலி, அந்தக் கைத்திறமைக்கு முன் மிகச் சொற்பம்; கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

ஆவணி 8

இந்த ரைபிளால் நான் எதையும் சுடப் போவதில்லை. எங்கள் தென்னந்தோப்புகளுக்கு யானை வருகிறது, பன்றி வருகிறது. யானையை விரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை, இருக்கவும் கூடாது. பன்றியைப் பொறுத்தவரை, 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும்போது வனத்துறையினரே சுட வேண்டும். மலையடிவாரத் தோப்புக்காரர்களான எங்களுக்கு அதுவும் பொருந்தாது. ஆயினும் பயிர்ப் பாதுகாப்புக்கென்று வழங்கப்பட்ட பழைய லைசென்ஸ்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் உண்டு. அவற்றின் துப்பாக்கிகளில் விரிசல் விழுந்தவை எத்தனை என்று எவருக்கும் தெரியாது. லைசென்ஸ் கொடுத்து, எண் கொடுத்து, வருஷக்கணக்கில் கண்காணிக்கிற அரசு, அவற்றைப் பழுது பார்க்கும் மனிதர் ஒரு தலைமுறையோடு அற்றுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். செப்பனிட ஆள் இல்லாதபோது, அபாயமான துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அல்லது லைசென்ஸ் இல்லாத பட்டறைக்குப் போகும். இரண்டும் சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம்.

ஆகவே, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுப்பதற்கு மனு ஒன்று எழுதியிருக்கிறேன்: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தேறிய இளைஞர் இருவரையாவது, போலீஸ் விசாரணைக்குப் பிறகு, அந்த முதியவரிடம் அனுமதியோடு தொழில் பழக வைத்து, செப்பனிடும் லைசென்ஸ் வழங்கும்படி. முதியவரிடமும் சம்மதம் கேட்டேன். கண்பார்வை இருக்கும்வரை சொல்லிக் கொடுக்கிறேன், சீக்கிரமாக அனுப்பச் சொல்லுங்கள் என்றார். அந்த வாக்கியத்தையும் மனுவில் சேர்த்துவிட்டேன்.