ராஜினாமாவுக்குப் பிறகும் கடிவாளமா?

"மாமா, வேலையை விட்டா ரெண்டு வருஷம் போட்டி கம்பெனியில சேரக்கூடாதாம். கையெழுத்து போட்டுட்டேன்" என்று தங்கை மகன் பதறினான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 27ஆவது பிரிவைப் படிடா என்றேன். பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம், தடுக்கும் அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்வரை தடை போடலாம். இதை 1967இல் கோலிகாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏற்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் பிடியை 2006இல் ஜாகீர் கான் (ஆமாம், நம்ம கிரிக்கெட் பவுலர்தான்!) வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதற்காக ஆட வேண்டாம். கம்பெனி ரகசியத்தைத் தூக்கிப் போனால் வழக்கு வரும். இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று எழுதித் தரும் பாண்டு வேறு கதை: மூன்று வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025இல் தீர்ப்பு வந்துவிட்டது. பழைய கம்பெனியிடமிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்து புது வேலையை உதறாதீர்கள். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.