குஞ்சியப்பாவின் கடிதங்கள்

2024ஆம் ஆண்டு மார்கழியில், விடுதியிற் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஓரிரவு, கிழக்கு லண்டனில் வாழும் என் குஞ்சியப்பா பதினொரு கடிதங்களைப் படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பியிருந்தார். அவற்றுள் நான்கு உறை பிரிக்கப்படாதவை. "பிள்ளை, உதுகளிலை என்ன எழுதியிருக்கிறாங்கள் எண்டு ஒருக்கால் பார்த்துச் சொல்லு" என்று கூடவே ஒரு செய்தி. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் அவருக்குப் பேச்சு ஆங்கிலம் தடையன்று. அச்சிட்ட ஆங்கிலமே அவரை அச்சுறுத்தியது. ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பதனால் குடும்பத்தில் அப்பணி என்னைச் சேர்ந்தது. நாடகமும் கவிதையும் படித்த என் ஆங்கிலம் அக்கடிதங்களின் முன் தடுமாறியதை இங்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடிதங்களை நாள்வாரியாக அடுக்கிய பின்னரே விடயம் தெளிவாயிற்று. கடன்கள் இரண்டு, கடன் கொடுத்தவர் ஒருவரே. அவர் குடியிருக்கும் வீடு நகர சபைக்குரியது. அதன் வாடகையில் நிலுவை. நம் ஊர்ச் சோலைவரி போன்றதொரு வரியும் அதே சபைக்குச் செலுத்தப்பட வேண்டும், அதிலும் நிலுவை. நம்மிடையே சோலைவரி பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரின் பாடு. இங்கிலாந்திலோ வீட்டிற் குடியிருப்பவரே அதற்குப் பொறுப்பாளி. "வாடகைக்கு இருக்கிறவன் ஏன் வரி கட்டவேணும்?" என்ற பழைய எண்ணம் குஞ்சியப்பாவின் மனத்தில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.

இரு கடன்களுக்கும் இரு நீதிமன்றங்கள். வாடகை வழக்கை விசாரித்த கவுண்டி நீதிமன்றம், வீட்டைச் சபைக்கு மீட்டளிக்கும் ஆணையைப் பிறப்பித்து, அதனை நிபந்தனையின் பேரில் ஒத்திவைத்திருந்தது. ஒவ்வொரு வாரமும் நடப்பு வாடகையோடு நிலுவைக்காகப் பத்துப் பவுண் கட்டும் வரை அவர் வீட்டில் இருக்கலாம். தவறினால் சபை வெளியேற்றும் படியில் இறங்கலாம். அப்போதும் அதனை நிறுத்துமாறு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கும் உரிமை அவருக்குண்டு.

வரியின் கதை வேறு. ஒரு தவணை தவறினால் நினைவூட்டற் கடிதம் வரும். ஏழு நாளுட் கட்டாவிடின், அடுத்த ஏழு நாளில் தவணை முறையே பறிபோய், ஆண்டின் மீதி முழுவதும் ஒருசேரக் கேட்கப்படும். பின்னர் நீதவான் நீதிமன்ற அழைப்பாணை. வறுமையைச் சொல்லி அங்கு வாதாடுவதிற் பயனில்லை. வரி விதிக்கப்பட்டதா, கட்டப்படவில்லையா என்பவையே கேள்விகள். ஆணை கிடைத்ததும் சபை சம்பளத்திற் பிடிக்கலாம். நம் பிஸ்கால்மாரை ஒத்த ஆட்களிடம் ஒப்படைக்கலாம். குஞ்சியப்பாவின் கடன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. முதற் கடிதத்துக்கே 75 பவுண் கூலி. ஆள் வீடு தேடி வந்தால் மேலும் 235. உறை பிரிக்காத நான்கனுள் ஒன்று அந்த முதற் கடிதம்.

நான் உடனே தொலைபேசியிற் பேசினேன். "குஞ்சியப்பா, ஆரும் வந்தால் உள்ளுக்கை கூப்பிடாதேங்கோ. வாசலிலையே கதையுங்கோ. வரிக்கடனுக்காக முதல் முறை கதவை உடைச்சு உள்ளிட அவையளுக்கு அதிகாரம் இல்லை. நீங்களாக விட்டால்தான் சாமான்களைப் பதிவினம்."

சற்று நேரம் பேச்சில்லை. "வீட்டுக்கு வந்த மனிசரை வாசலிலை நிக்கவைச்சோ கதைக்கிறது?" என்றார். தேநீர் கொடுக்காமல் எவரையும் அனுப்பியறியாதவர் அவர். சட்டத்தை விளக்குவதை விட இதனை விளக்குவதே எனக்குக் கடினமாயிருந்தது.

அவர் பணத்தை வீணடித்தவர் அல்லர். அவ்வாண்டு முழுவதும் சீட்டுக்காசு ஒரு மாதமும் தவறவில்லை. நண்பரிடம் வாங்கிய கைமாற்றைச் சொன்ன நாளிற் கொடுத்திருந்தார். கடனட்டைக்காரர் தொலைபேசியில் அதட்ட, அவர்களுக்கும் கட்டினார். முகம் பார்த்துக் கேட்பவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு, முகமில்லாது கடிதம் மட்டும் எழுதிய சபையைக் கடைசிக்கு விட்டார். வீட்டைப் பறிக்கும் வல்லமை அந்தச் சபைக்கே இருந்தது.

அங்குள்ள இலவசக் கடன் ஆலோசனை நிலையமொன்றுக்கு அவரை வற்புறுத்தி அனுப்பினேன். 2021இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடொன்றின்படி, ஆலோசகர் அறுபது நாள் தவணை பெற்றுத் தந்தார். அந்நாட்களில் கடன்காரர் எவரும் அவரை நெருக்கலாகாது. ஆயினும் நடப்பு வாடகையை நிறுத்தலாகாது. அத்தவணைக்குள் வரவுசெலவுப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டியிருந்தது. வாடகை, வரி, மின்சாரம், உணவு, பேருந்து என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஈற்றில், "ஊருக்கு அனுப்பிறது, அறுபது" என்றார்.

அந்த அறுபது பவுண் என் விடுதிச் செலவு. அவரது வாராந்தப் பத்துப் பவுணை அதன் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. எனக்கு மகாபொல கிடைக்கிறது, பின்னேரங்களில் இரு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறேன், இது வேண்டாம் என்றேன். "அதிலை நீ கை வையாதை" என்று சினந்தார். என்மீது அவர் சினந்தது அதுவே முதற்றடவை. நெடுநேரம் வாதாடி இருபது என்று முடிவாயிற்று. அந்த இருபதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவதென்று தெரியாமல், 'ஏனையவை' என்ற வரியில் எழுதி அனுப்பினேன்.

வரி நிலுவைக்கு மாதத் தவணை ஒத்துக்கொள்ளப்பட்டது. சீட்டு முடிந்ததும் மறுபடி சேர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. கடிதங்களின் படங்கள் இப்போதும் வருகின்றன; உறைகளைப் பிரித்தே அனுப்புகிறார்.