பத்துமலை நடைக்குப் பயிற்சி – காலையும் பாருங்க



கலும்பாங்கிலிருந்து பத்துமலை 50 கிலோமீட்டருக்கு மேல். கெர்லிங், ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங், செலாயாங்னு போகணும். போன தைப்பூசத்துக்கு, "முருகன் பார்த்துக்குவான்"னு பயிற்சி இல்லாமலே கிளம்பினோம். செரண்டா தாண்டுறதுக்குள்ள பாதிப் பேர் வேனில் ஏறிட்டோம்.

இனிப்பு நீர் உள்ள ஓர் அண்ணன் மட்டும் வெறுங்காலில் கடைசி வரை நடந்து, 272 படியும் ஏறினார். உள்ளங்கால் கொப்புளம் உடைஞ்சது அவருக்கு உறைக்கவே இல்லை. பிறகு ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு. கூட நடந்த நாங்க யாரும் அவர் காலைப் பார்க்கலை. அது இன்னும் உறுத்துது.

இந்த வருஷம் ஞாயிறுதோறும் காலை 5 மணிக்குக் கோயிலிலிருந்து கெர்லிங் போய் வர்றோம். வாரா வாரம் தூரத்தைக் கூட்டுறோம். பழகின சப்பாத்து, காய்ந்த காலுறை. வழியில் நின்று ஒருத்தர் காலை ஒருத்தர் பார்க்கிறோம். தண்ணி வேனில் வர்ற அந்த அண்ணன்தான், "உள்ளங்காலைக் காட்டு"னு அதட்டுவார்.

வெறுங்காலில் நடக்க வேண்டிக்கிட்டவங்க படியேறும்போது மட்டும் கழற்றுங்க. முருகன் கோவிக்க மாட்டான்.

கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளின்னு சேரும் பணம் நம்ம பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு. பெயர் கொடுக்கும்போது இனிப்பு நீர் இருந்தா மறைக்காதீங்க.

முருகா சரணம்.