தாப்பாவில் பத்து நிமிடம்

கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறுபவர்களுக்கு லாத்தா இஸ்கண்டார் அருவி நினைவில் நிற்கும். எனக்கு அடிவாரத்துப் பட்டறை ஒன்று.

அம்மாவோடு போன நான் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினேன். "ஆயில் பார்த்தீங்களாம்மா?" என்றார் பட்டறை அண்ணன். பார்க்கவில்லை. எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே!

"விளக்கு எரியலையே அண்ணே?"

"அது ஆயில் அழுத்தம் குறைஞ்சாத்தான் எரியும். அதுவரைக்கும் விட்டா எஞ்சின் போயிடும்."

மலை ஏற கெட்டியான ஆயில் ஊற்றலாமா என்றேன். "வேணாம்மா. கார் புத்தகத்துல 5டபிள்யூ-30னு இருந்தா அதேதான்." மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றிவிட்டு, "கசிவு இருக்கான்னு திரும்பி வந்ததும் பாருங்க" என்றார்.

தானா ராத்தாவில் அம்மா நிம்மதியாகத் தேநீர் குடித்தார். அடுத்த விடுமுறைக்குக் கிளம்புமுன், நீங்களும் அந்தக் கம்பியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.