திகட்டலும் அலுப்பும்

கப்பல் சுற்றுலா போகலாமா என்று யோசிப்பவர்கள் கட்டணத்தை விசாரித்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து நாள் ஒரே கப்பலில் இருந்தால் சாப்பாடு அலுத்துப்போகாதா? இதை எங்கள் துறையில் உடன் பணியாற்றும் ஆண்களும் கேட்டார்கள், பெண்களும் கேட்டார்கள். ஆண்கள் கேட்டபோது அதில் கவலை இருந்தது. பெண்கள் கேட்டபோது ஒரு சிரிப்பு இருந்தது. அலுத்தால்தான் என்ன என்கிற சிரிப்பு.

அலுக்கும் என்பதுதான் நேரான பதில். பெரிய கப்பல்களில் உணவுப் பட்டியலைக் கப்பலின் சமையற்காரர் அன்றன்று யோசித்துப் போடுவதில்லை. கரையில் இருக்கும் தலைமை அலுவலகம் முடிவு செய்கிறது. எந்தப் பண்டம், எவ்வளவு, தட்டில் எந்த இடத்தில் என்பதுவரை எழுதி, படமும் ஒட்டி அனுப்பிவிடுவார்கள். மூவாயிரம் பேர் சாப்பிடும் இடத்தில் எவருடைய நாக்கையும் உறுத்தக் கூடாது. அதனால் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் நடுவாந்திரமாகவே நிற்கும். பெயர்கள் நூறு இருக்கும், சுவைகள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். நேற்று இறைச்சிக்கு மேல் ஊற்றிய சாறு இன்று காய்க்கு மேல் வரும்.

அடுத்தடுத்து இரண்டு பயணங்களை ஒரே கப்பலில் போகிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. குறுகிய பயணங்களில் உணவுப் பட்டியல் பயணத்தின் முதல் இரவிலிருந்து கணக்கிடப்படுகிறது. உங்களுடைய முதல் இரவிலிருந்து அல்ல. முதல் பயணம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு, தங்கிவிட்ட உங்களுக்கும் பட்டியல் மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து தொடங்கும்.

எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை, அம்மாவையும் என்னையும் ஒரு மே மாத விடுமுறையில் அழைத்துப்போனாள். முதலில் நான்கு இரவு, பிறகு அதே கப்பலில் ஐந்து இரவு. பினாங்கு, புக்கெட், திரும்பச் சிங்கப்பூர். ஐந்தாம் நாள் காலையில் கப்பல் மரினா பே துறைமுகத்தில் நின்றபோது மேல்தளத்திலிருந்து பார்த்தோம். முட்டை, வெங்காயம், மாவு மூட்டைகள் என்று அடுக்கடுக்காகக் கப்பலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. அன்று இரவு மேசையில் வைத்த அட்டையைத் திறந்தால் முதல் நாள் பார்த்த அதே காளான் சூப், அதே மீன், அதே சாக்லேட் கேக்.

தங்கைக்கு ஏமாற்றம். எனக்கு ஆறாம் நாளில் உணவுக்கூடத்துக்குள் நுழையும்போதே வயிறு ‘போதும்’ என்றது. அம்மா மட்டும் அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்திய உணவு வைத்திருக்கும் பக்கம் போய்ச் சோறும் தயிரும் ஊறுகாயும் வாங்கிவந்து உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்து மதியத்தில் அவர் சாப்பிட்டது அதைத்தான்.

“தினம் இதையே திங்கிறியேம்மா, அலுக்கலையா?” என்று தங்கை கேட்டாள்.

“சாப்பிடுறதுல என்னடி அலுப்பு? எந்திரிச்சுப்போய் கை கழுவுனா முடிஞ்சுது” என்றார் அம்மா.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். நாம் ‘போர் அடிக்கிறது’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. திகட்டுதல் என்பது மிகுதியால் வருவது. இனிப்பும் நெய்யும் அளவுக்கு மீறினால் திகட்டும். சலிப்பு என்பது மனம் விட்டுப்போவது. அலுப்பு என்ற சொல்லுக்கோ இரண்டு பொருள். வேண்டாம் என்று தோன்றுவதும் அலுப்பு, வேலை செய்து உடம்பு ஓய்ந்துபோவதும் அலுப்பு. ‘அலுப்பா இருக்கு, கொஞ்சம் படுக்கிறேன்’ என்று சொல்லும் பெண்ணுக்கு இந்த இரண்டும் வேறுவேறல்ல. எனக்கும் தங்கைக்கும் கப்பலில் வந்தது திகட்டல். அம்மா சொன்ன அலுப்பு வேறு.

திகட்டலுக்கு அறிவியல் விளக்கம் உண்டு. ஒரு பண்டத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேலுள்ள விருப்பம் குறைகிறது. பக்கத்தில் இருக்கும் வேறு பண்டத்தின் மேல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. பார்பரா ரோல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. ஒரே வகை சாண்ட்விச் கிடைத்தபோது தின்றதைவிட, நான்கு வகை கிடைத்தபோது மக்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தின்றார்கள். கப்பலின் நீண்ட உணவு மேசை இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. வகை கூடினால் உண்பது கூடும். உண்பது கூடினால் பசி வராது. பசி இல்லாத வாய்க்கு எதை வைத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கப்பல் உணவு அலுப்பதற்கு வகை குறைவு காரணமல்ல. ஒன்பது நாளில் ஒரு நாள்கூட எங்களுக்குப் பசிக்கவில்லை என்பதுதான் காரணம்.

1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக உணவுச் சலிப்பைப் பற்றி ஆய்வுகள் நடந்தன. ஒரே உணவை நாள்தோறும் கொடுத்தால் எது முதலில் வெறுக்கும் என்று பார்த்தார்கள். ரொட்டி, காபி போன்ற அன்றாடப் பண்டங்கள் எளிதில் சலிக்கவில்லை. அம்மாவின் தயிர்ச்சோறு அந்த வகை. விருந்துதான் திகட்டும், சோறு திகட்டாது. நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல யோசனையும் இருக்கிறது. ஒரு வேளையாவது வீட்டில் சாப்பிடும் எளிய சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். ஒரு வேளையைப் பட்டினி போடுங்கள்.

ஆனால், அம்மாவுக்கு அலுக்காமல் போனதற்குத் தயிர்ச்சோறு மட்டும் காரணமல்ல. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி வந்தவருக்கு இப்போது அறுபத்தெட்டு. நாளுக்கு மூன்று வேளை என்று வைத்தால் ஐம்பதாயிரம் வேளைக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால், என்ன செய்வது என்ற கேள்வி ஒன்று இருந்திருக்கிறது. அப்பாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, தங்கைக்குப் பாகற்காய் பிடிக்காது, பாட்டிக்குக் காரம் கூடாது, நேற்று வைத்ததை இன்று வைக்கக் கூடாது. கப்பல் நிறுவனம் ஓர் அலுவலகத்தை வைத்துச் செய்யும் வேலையை அம்மா அரிசி களையும் நேரத்தில் மனதுக்குள்ளேயே செய்து முடித்திருக்கிறார். “இன்னிக்கும் உப்புமாவா?” என்று அப்பா கேட்ட காலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. அலுப்பைச் சொல்லும் உரிமை உண்பவருக்கு இருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு சமைப்பவருக்கு இருந்தது. அவருக்கு உப்புமா கிண்டுவது அலுத்துவிட்டதா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் தங்கையும்தான் அந்த வீட்டில் இருந்தோம்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். புதிதாக மணமான பெண் தயிரைப் பிசைந்த கையோடு, தாளித்த புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அழகான பாட்டுத்தான். மாணவிகள் ரசிப்பார்கள். அது புதுக்குடித்தனத்துக் குழம்பு என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஆயிரமாவது நாள் அவள் வைத்த குழம்பைப் பற்றி எந்தப் புலவரும் பாடவில்லை. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேண்டுமானால் அதைச் சொல்லும். ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம்.

ஏழாம் நாள் கப்பலின் சமையற்கூடத்தைச் சுற்றிக்காட்டினார்கள். எஃகு மேசைகள், ஆளுயரப் பாத்திரங்கள், கண்ணாடியாகத் துடைத்த தரை. அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மா மெதுவாக என்னிடம் கேட்டார்: “இத்தனை பேருக்கும் உப்பு யாரு பாக்குறா?” கூட்டிப்போனவரிடம் கேட்டுச் சொன்னேன். ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பானவர் ருசி பார்ப்பாராம், அதற்கு மேல் தலைமைச் சமையற்காரர். “அதுக்குச் சம்பளம் உண்டா?” என்று அடுத்த கேள்வி. உண்டு என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, “உப்புப் பாக்க ஒரு ஆளு” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். வீட்டில் இயல்பு என்று சொல்லப்படும் வேலை, கூலியும் தொப்பியும் கிடைக்கும் இடத்தில் ஆணின் தொழிலாகிவிடுகிறது. இதை வகுப்பில் கோட்பாடாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா உப்பிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தார்.

அடுக்களையை ஒரேயடியாக விட்டுவிட்டுக் கப்பலில் குடியேறிய பெண்களும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த லீ வாக்ஸ்டெட்டர் கணவர் இறந்த பின் வீட்டை விற்றுவிட்டு, கிரிஸ்டல் செரினிட்டி என்ற கப்பலில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். ஊழியர்கள் அவரை ‘மாமா லீ’ என்பார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. 2017இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்கு மேல் செலவு செய்ய முடிந்த பெண்ணுக்குக் கிடைத்த விடுதலை அது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தினமும் என்ன சாப்பிடுவது என்பதை மட்டும் யோசித்து, என்ன சமைப்பது என்பதை யோசிக்காமல் ஒரு பெண் முதுமையைக் கழிப்பது நல்ல விஷயம்தான். ஆனால், அவர் விட்டுவந்த வேலை மறைந்துவிடவில்லை. கப்பலின் கீழ்த்தளங்களில் வேறு கைகள் அதைச் செய்துகொண்டிருந்தன.

அந்தக் கைகளில் ஒன்றை எங்களுக்குத் தெரியும். எங்கள் மேசைக்குப் பரிமாறிய பெண் பிலிப்பைன்ஸின் செபூவைச் சேர்ந்தவள். எட்டு மாத ஒப்பந்தம். நான்கு வயதில் ஒரு மகன் ஊரில் இருக்கிறான். “நீ என்னம்மா சாப்பிடுவே?” என்று அம்மா தமிழில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கீழே ஊழியர்களுக்குத் தனிச் சாப்பாட்டுக்கூடம், சோறும் மீனும் எப்போதும் இருக்கும், குறையில்லை என்றாள். பிறகு, தன் அம்மா வைக்கும் சினிகாங் நினைவுதான் வருகிறது என்றாள். புளி கரைத்த நீரில் மீனும் கீரையும் போட்டுக் கொதிக்கவைப்பது. கப்பலிலும் அதை வைப்பார்கள், ஆனால் புளிப்பு போதாது. “புளியா? அப்ப நம்ம புளித்தண்ணிதான்” என்று அம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இப்போது அந்த ரசத்தை அவள் மகனுக்கு யார் வைத்துத் தருகிறார்கள் என்று கேட்டார். அவளுடைய அம்மாதான்.

ஆக, மூவாயிரம் பேருக்குத் திகட்டும்வரை பரிமாறும் பெண்ணுக்கு ஒரு கிண்ணம் புளிநீர் எட்டு மாதத் தொலைவில் இருக்கிறது. அதைத் தரக்கூடிய கிழவி, பேரனுக்காக அடுப்படியில் நிற்கிறாள்.

அந்தப் பெண்ணுக்குச் சட்டம் ஒன்று துணைக்கு இருக்கிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலில் வேலை செய்பவர்களுக்கு உணவு இலவசமாகத் தரப்பட வேண்டும் என்கிறது. பயணத்தின் காலம், அவர்களுடைய மதம், பண்பாடு ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு அளவு, சத்து, தரம் ஆகியவற்றோடு வகையும் பொருத்தமாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. உணவு அலுக்கக் கூடாது என்பதை உழைப்பவரின் உரிமையாக அந்தச் சட்டம் எழுதிவைத்திருக்கிறது. நடைமுறையில் புளிப்பு போதாமல் இருக்கலாம். கேட்பதற்கு இடமாவது இருக்கிறது.

கரையில் நம் வீடுகளில் அந்த இடம் இல்லை. அலுப்பில்லாமல் வகைவகையாகத் தரவேண்டியவள் இருக்கிறாள். அவளுக்கு எது வேண்டும் என்று பட்டியல் போட ஆள் இல்லை. மீந்ததும் ஆறியதும் அவள் தட்டுக்கு வருவதை நாம் சிக்கனம் என்றும் தாய்மை என்றும் அழைத்துப் பழகிவிட்டோம்.

எனவே, நீண்ட பயணத்தில் சாப்பாடு அலுக்குமா என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு இப்படிச் சொல்கிறேன். கப்பலோ, மகள் வீடோ, பணிநிமித்தம் தங்கும் விடுதியோ, உங்களுக்குக் கிடைத்த இடத்துக்குப் போங்கள். பிறர் சமைத்ததைத் திகட்டும்வரை சாப்பிடுங்கள். ஆறாம் நாளோ பத்தாம் நாளோ ‘மறுபடியும் இதுவா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பரிமாறுகிறவளிடம் அல்ல, அவள் உங்களைப் போன்றவள். அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் அந்த வாக்கியத்தை எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறோம் என்று அப்போது கணக்குத் தெரியும்.

அம்மா பத்தாம் நாள் இறங்கும்வரை அதைச் சொல்லவே இல்லை. கேட்டால், “இன்னும் ஒரு மாசம் இருந்தா ஒருவேளை சொல்லியிருப்பேன்” என்கிறார்.