டி டிரைவைக் காணோம்

2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டம் ஆனது. பதினைந்தே மாதம்தான். 2002 மார்ச் 31 அன்று பழையபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டம். நடுவிலிருந்த ஐந்தரை ஆண்டுக்கும் மேலான காலத்தில் தமிழ்நாட்டு மாவட்டப் பட்டியலை எடுத்துத் தேடியவருக்கு அரியலூர் என்ற வரி கிடைத்திருக்காது. அதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இடம்பெயரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் சிமெண்ட் ஆலைக்குப் போகாமல் நின்றுவிடவில்லை. ஊர் இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். வீட்டு சிஸ்டத்தில் புது மதர்போர்டோ எஸ்.எஸ்.டி.யோ மாட்டி மறுபடி ஆன் செய்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்றால், வாயில் முதலில் வருவது ‘டிஸ்க் போச்சு’ என்ற சொல். பெரும்பாலும் அது தப்பு. டிஸ்க்கின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது. எந்தப் பட்டியல் என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடிக்கும் வரை டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய வேலை.

இந்தப் பேச்சு இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. பழைய சிஸ்டத்தை மொத்தமாக மாற்றக் காசு இல்லாத வீட்டில் மதர்போர்டும் பிராசஸரும் மாறும், விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. வரும், பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டாவதாக உள்ளேயே தங்கும். நம் பக்கத்துக் கடைகளில் வெகுநாளாக ஒரு வழக்கம் உண்டு: ஒரே டிஸ்க்கை சி, டி, இ என்று பங்கு பிரித்துக் கொடுத்து, ‘முக்கியமானதை டி-யில் போட்டு வைங்க’ என்று சொல்லி அனுப்புவார்கள். வைரஸ் வந்து சி-யை ஃபார்மட் அடித்தாலும் டி பிழைக்கும் என்ற நியாயமான கணக்கு அது. ஆகவே டி என்பது வீட்டின் டிரங்குப் பெட்டி. கல்யாண வீடியோ, காதுகுத்துப் படங்கள், பட்டா நகல், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில்தான் கிடக்கும். டி என்பது தனி டிஸ்க் என்றே நினைத்திருப்பவர்களும் உண்டு. சின்னக் குழப்பம்தான், ஆனால் தேடும்போது உதைக்கும். எதைக் காணோம் என்று முதலில் தெளிவு வேண்டும். டிஸ்க்கை அதன் அளவை வைத்து அடையாளம் காணலாம்: 1 டி.பி. என்று விற்றது விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டும், 500 என்று விற்றது 465 என்று காட்டும். குறைவது டிஸ்க்கின் குற்றம் இல்லை. விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பெரம்பலூரை ரயில் வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ரயில் நிலையம் கிடையாது. சாலை வரைபடத்தை விரித்தால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பளிச்சென்று தெரியும். கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படிப் பல வரைபடங்கள் உண்டு. நாம் தினமும் திறக்கும் ‘திஸ் பி.சி.’ அவற்றில் மிகக் குறுகியது. எழுத்து பெற்ற பங்கைத்தான் (பார்ட்டிஷன்) அது டிரைவாக வரிசைப்படுத்தும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து வரும் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ அதைவிட அகலமானது. எழுத்து இல்லாதது, ஆஃப்லைனில் கிடப்பது, வடிவம் புரியாதது எல்லாம் அங்கே வரும். அதற்கும் கீழே பயாஸ்: ஆன் செய்த உடனே டெலீட் அல்லது எஃப்2 தட்டினால் வருவது. அதற்கு விண்டோஸ் பற்றி ஒன்றும் தெரியாது. கேபிளின் மறுமுனையில் யாராவது பதில் சொல்கிறார்களா என்பதுதான் அதன் விசாரணை. எல்லாவற்றுக்கும் அடியில் கரண்ட். சுழலும் டிஸ்க் என்றால் விரலை வைத்தாலே அதிர்வு தெரியும். மேல் பட்டியலில் இல்லாதது கீழ்ப் பட்டியலில் இருந்தால், கோளாறு இரண்டுக்கும் நடுவில் என்று அர்த்தம். இந்த ஒரு விதி போதும், தேடலில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

பயாஸிலேயே இல்லை என்றால் கேபிளும் போர்ட்டும்தான் முதல் சந்தேகம். சாட்டா டிஸ்க்குக்கு இரண்டு கேபிள்: டேட்டாவுக்கு ஏழு முனை, கரண்டுக்குப் பதினைந்து முனை. கேபினெட்டுக்குள் கை போகும்போது இதில் ஒன்று தளர்ந்து போவது சாதாரணம். ஆனால் கேபிளெல்லாம் இறுக்கமாக இருந்தும் டிஸ்க் தெரியாத ஒரு காரணம் உண்டு, அது கண்ணுக்கு அகப்படாது. பல மதர்போர்டுகளில் எஸ்.எஸ்.டி. சொருகும் எம்.2 இடமும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. எம்.2-வில் புது எஸ்.எஸ்.டி. உட்கார்ந்த நிமிடமே அந்த போர்ட் செயலிழந்துவிடும். எந்த போர்ட் என்று மதர்போர்டோடு வரும் புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போவதும் அந்தப் புத்தகம்தான். கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் திரும்பிவிடும். பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால் வேறு கதை. பயாஸில் சாட்டா ‘ரெய்டு’ நிலைக்கு மாறியிருக்கலாம். புதிய இன்டெல் சிஸ்டங்களில் ‘வி.எம்.டி.’ ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது விண்டோஸுக்குத் தேவைப்படுவது அதற்கான ஒரு டிரைவர் மென்பொருள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இருந்து, திஸ் பி.சி.யில் இல்லாதது எல்லாவற்றிலும் எளிய நோய். பெரம்பலூர் வண்டிக்கு டி.என். 46, அரியலூர் வண்டிக்கு டி.என். 61. நம்பர் பிளேட் கழன்று விழுந்தால் வண்டி காணாமல் போய்விடாது. பழைய சிஸ்டத்தில் டி என்று இருந்தது அந்தச் சிஸ்டத்து விண்டோஸ் கொடுத்த எழுத்து. புது விண்டோஸ் அதே எழுத்தை டி.வி.டி. டிரைவுக்கோ கார்டு ரீடருக்கோ கொடுத்திருக்கலாம். காலியான ஓர் எழுத்தைக் கொடுத்தால் உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு குளோன் செய்திருந்தால் இன்னொரு வேடிக்கை: இரண்டுக்கும் ஒரே அடையாள எண். ஒரே பட்டா எண்ணோடு இரண்டு பேர் வந்து நின்றால் தாசில்தார் என்ன செய்வார்? ஒருவரை ஓரமாக உட்காரச் சொல்வார். விண்டோஸும் இரண்டாவதை ‘ஆஃப்லைன்’ என்று ஓரங்கட்டும். ‘ஆன்லைன்’ கொடுத்தால் அதற்குப் புது எண் எழுதிக்கொண்டு திறந்துவிடும். எழுதாதே என்று மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. ஃபைல்களை அது தொடாது. ஆனால் அவசரத்துக்குப் பழைய டிஸ்க்கிலிருந்தே பூட் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பவர் அதற்கு முன் ஒரு தடவை யோசிக்கட்டும். டைனமிக் வகை டிஸ்க் என்றால் ‘ஃபாரின்’ என்று வரும். பத்து வருஷம் வீட்டிலேயே இருந்த டிஸ்க்கை வெளிநாட்டான் என்கிறதே என்று கோபம் வரலாம். ‘இம்போர்ட்’ கொடுத்தால் உள்ளூர்க்காரன் ஆகிவிடும்.

ஆபத்து இந்தத் தேடலின் நடுவில், உதவி செய்கிற முகத்தோடு வருகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் சில சமயம் ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி எழும். வேறு சமயம், உள்ளே போவதற்கு முன் ஃபார்மட் செய்யச் சொல்லும். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: ‘எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை, வெள்ளைத் தாளாக்கித் தரட்டுமா?’ சரி என்று தட்டுவதற்கு முன் பெரம்பலூர்–அரியலூர் மண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடலின் பதிவேடு. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டினார். அதுவரை அது எந்தப் பட்டியலிலும் இல்லாமலேதான் கிடந்தது. கிடந்ததால் கிடைத்தது. அதே நிலத்துச் சுண்ணாம்புக்கல்லில் புதைந்த ஒரு சிப்பி, யாரும் பார்க்கும் முன் சிமெண்ட் சூளைக்குப் போய் 1,400 டிகிரியைத் தாண்டி வெந்துவிட்டால், அதன் பிறகு எந்த நிபுணரும் அதைப் படிக்க முடியாது. சுழலும் டிஸ்க்கில் இனிஷியலைஸோ ‘குவிக்’ ஃபார்மட்டோ அட்டவணையைத்தான் மாற்றி எழுதும். மீட்க வழி உண்டு. விஸ்டா காலம் தொட்டு முழு ஃபார்மட் என்பது கடைசி வரை பூஜ்யத்தை எழுதுவது. எஸ்.எஸ்.டி. என்றால் குவிக் ஃபார்மட்டே ‘டிரிம்’ கட்டளையை அனுப்பிவிடும், காலி என்று தெரிந்த இடத்தைச் சிப் தானாகவே துடைத்துக்கொள்ளும். அங்கே குவிக் ஃபார்மட்டும் சூளைதான்.

‘இதெல்லாம் சரி, டிஸ்க் உண்மையிலேயே செத்துப் போவதே இல்லையா?’ என்று கேட்பார்கள். சாகும். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் தன் டிஸ்க்குகள் சாகும் கணக்கை வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரையை ஒட்டி நிற்கிறது. அந்த விகிதப்படி, நேற்று ஓடிய டிஸ்க் குறிப்பாக இன்றைக்கென்று சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 24,000-இல் ஒன்று. அது குளிரூட்டிய டேட்டா சென்டர். நம் வீட்டுத் தூசியும் மின்வெட்டும் வேறு என்பது நியாயமான பேச்சு. பத்து மடங்கு மோசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 2,400-இல் ஒன்று. கேபினெட்டைத் திறந்து கேபிளைக் கழற்றிப் போர்ட்டை மாற்றிய அதே நாளில் டிஸ்க்கைக் காணோம் என்றால், தற்செயல் மரணத்தை நினைக்கும் முன் கை போன இடத்தைப் பார்ப்பதுதான் புத்தி. அந்தக் கையே கொன்றிருக்கலாமே என்பது இதைவிடக் கூர்மையான கேள்வி. ஆமாம், கொல்லலாம். ஓடும்போது தட்டியிருக்கலாம். கரண்ட் கொடுக்கும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் பழைய கேபிளை வேறு நிறுவனத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சொருகியிருக்கலாம். சொருகு பொருந்தும், கம்பி வரிசை பொருந்தாது, டிஸ்க் கருகிவிடும். டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே கரண்டை நிறுத்த வேண்டும். ஆனால் அப்போதும் ஃபார்மட் மருந்து இல்லை.

‘ஆயிரத்தெட்டுத் தேடல் எதற்கு, கடையில் கொடுத்தால் முடிந்தது’ என்பது இன்னொரு வாதம். கொடுக்கலாம். ஆனால் ‘டிரைவ் தெரியல’ என்று சொல்லிக் கொடுத்தால் அவர் டிரைவைத் தெரியவைத்துத் தருவார், உள்ளே ஒன்றும் இல்லாமல். கேட்டதைத்தான் செய்தார். அவரிடம் சொல்ல வேண்டியது வேறு: ‘டிஸ்க் எனக்கு வேண்டாம், உள்ளே இருப்பது வேண்டும். ஃபார்மட், இனிஷியலைஸ் எதுவும் கொடுக்காதீங்க. பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் தெரியவில்லை.’ இதைச் சொல்ல ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இரண்டு பட்டியலைப் பார்த்திருந்தால் போதும். அவரும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேபிளில் கோத்து வேறு சிஸ்டத்தில் பார்ப்பார். அங்கே தெரிந்தால் பழி டிஸ்க் மேல் இல்லை.

பட்டியலில் இல்லாததால் பொருள் இல்லாமல் போகாது என்ற வாதம் ஓரிடத்தில் மட்டும் தலைகீழாகும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு விழுந்த டிஸ்க்கைப் புது மதர்போர்டில் மாட்டினால் பயாஸில் தெரியும், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரியும், திஸ் பி.சி.யில் பூட்டுப் படத்தோடு எழுத்தும் கிடைக்கும். ஒரு பட்டியலிலும் குறை இருக்காது. ஆனால் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் ஒரு படத்தைக்கூடத் திறக்க முடியாது. இங்கே பொருள் முழுசாக இருக்கிறது, தொலைந்தது காகிதம், அந்தக் காகிதம்தான் எல்லாமே. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் சிஸ்டங்கள் பலவற்றில் இந்தப் பூட்டு கேட்காமலே விழுகிறது. எண் அந்தக் கணக்கில்தான் கிடக்கும். சிஸ்டத்தை அமைத்த அன்று அவசரத்துக்குத் திறந்த அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, அதற்குக் கொடுத்த செல்போன் எண் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதை கேபினெட்டின் திருகைக் கழற்றுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.